பாலத்துக்கு ‘4’ போட்டிருக்கிறார்கள், பள்ளிப் பேருந்து அதன் மேல் போகலாமா?

பிட்ஸ்பர்க்_அம்மா

என் பையனின் பள்ளிப் பேருந்து தினமும் ஒரு பழைய பாலத்தைத் தாண்டிப் போகிறது. போன வாரம் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது இன்ஃபோபிரிட்ஜ் என்கிற அரசுத் தளத்தில் அந்தப் பாலத்தைத் தேடினேன். தேடாமலே இருந்திருக்கலாம். ‘புவர்’ (மோசம்) என்று இருக்கிறது, டெக்குக்கு, அதாவது வண்டி ஓடும் தளத்துக்கு, 4. வீட்டுக்காரர் “அதெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள், பேசாமல் படு” என்கிறார். 2022 ஜனவரியில் இதே ஊரில் ஃபெர்ன் ஹாலோ பாலம் பஸ்ஸோடு பள்ளத்தில் விழுந்ததே, அதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? யார் பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, பார்த்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பயமுறுத்தினாலும் பரவாயில்லை.

சுத்தியல்காரன்

இங்கே பதினோரு வருஷமாகப் பால ஆய்வு வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டம் இருக்கிறது. 1967 டிசம்பர் 15 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஒஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் சாயங்கால நெரிசலில் அப்படியே ஆற்றுக்குள் விழுந்து 46 பேர் செத்தார்கள். காரணம், சங்கிலி மாதிரி கோத்திருந்த இரும்புக் கம்பிகளில் ஒன்றின் முனைத் துளையில் இருந்த சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விரிசல். பிரித்துப் போட்டால் தவிர யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகுதான் 1971-ல் தேசியப் பால ஆய்வு விதிகள் வந்தன. பொதுச் சாலையில் 20 அடிக்கு மேல் நீளமுள்ள பாலம் எதுவானாலும் இதற்குள் வரும், நகராட்சிப் பாலமானாலும் சரி, மாநிலத்துப் பாலமானாலும் சரி.

சாதாரணமாக 24 மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வு. நிலைமை மோசமாக இருந்தால், அதாவது மதிப்பெண் 3-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால், 12 மாதம். தண்ணீருக்குள் இருக்கும் தூண்களுக்கு 60 மாதத்துக்கு ஒரு தடவை முக்குளிப்பவர்கள் இறங்குவார்கள், அதுவும் சும்மா வந்த விதி இல்லை, 1987-ல் நியூயார்க்கில் ஸ்கோஹாரி ஓடைப் பாலத்தின் அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்து 10 பேர் போன பிறகு வந்தது. எந்த ஒரு இரும்பு உறுப்பு அறுந்தாலும் பாலமே விழுந்துவிடும் என்கிற வகைப் பாலங்களில், அந்த உறுப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பைனாகுலர் செல்லாது. பயிற்சி பெற்ற டீம் லீடர் பாலத்தடியில் நேரில் நிற்க வேண்டும்.

உங்கள் 4: மதிப்பெண் 0 முதல் 9 வரை, 9 தான் நல்லது. டெக், அதைத் தாங்கும் கர்டர்கள் (உத்திரங்கள்), கீழே தூண்கள் என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுவோம். மூன்றில் எது குறைவோ அதுதான் பாலத்துக்குப் பெயர் வாங்கித் தரும்; 4 அல்லது அதற்குக் கீழே என்றால் ‘புவர்’. ஆக டெக் மட்டும் 4, மற்றது 6 என்றால் தலைவலி சாலைத்தளத்தில். கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று வரும், உள்ளே பிளந்திருக்கிறது என்று அர்த்தம். கர்டருக்கோ தூணுக்கோ 4 என்றால் நானும் உட்கார்ந்து முழு அறிக்கையைப் படிப்பேன்.

தேனிக்காரன்

சுத்தியல் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த அம்மா கேட்டதற்கு பதில் வரவில்லையே. ஃபெர்ன் ஹாலோவுக்கு 2011-லிருந்தே ‘புவர்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில்கூட ஆய்வு நடந்திருக்கிறது, நாலு மாதத்தில் பாலம் கீழே. பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், கோப்பில் போடுகிறார்கள். இதற்குப் பெயர் ஆய்வா?

சுத்தியல்காரன்

தம்பி, அந்தப் பாலத்தைப் பற்றி எங்கள் ஆட்களே வெட்கப்படுகிறோம், மறைக்க என்ன இருக்கிறது. விபத்தை விசாரித்த என்.டி.எஸ்.பி. (தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்) 2024-ல் அதைத்தான் சொன்னது: ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்த பராமரிப்பை நகரம் செய்யவே இல்லை. வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீரும் குப்பையும் பாலத்தின் கால்களில் தேங்கின. அது பெயின்ட் தேவையில்லாத வகை இரும்பு, மேலே படியும் துருவே அதற்குக் காப்பு, ஆனால் நனைந்து காய்ந்தால்தான் அந்தக் காப்பு. எப்போதும் ஈரமாகவே இருந்தால் தின்றுகொண்டே போகும். அப்படித்தான் தின்றது.

அதைவிட எனக்கு உறுத்துவது எடைக் கணக்கு. 26 டன் வரை போகலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். மேலே போட்டிருந்த தாரின் கனத்தைக் கணக்கில் குறைவாக எடுத்திருக்கிறார்கள், கால்களில் கரைந்துபோன இரும்பையும் சரியாகச் சேர்க்கவில்லை. ஒழுங்காகப் போட்டிருந்தால் பாலத்தையே மூடியிருக்க வேண்டும். 3 டன்கூடத் தாங்காது என்றால் மூடியே ஆக வேண்டும் என்பது விதி. ஒருவரும் சாகாதது அதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல.

2022 மே மாதம் விதிகளைத் திருத்தினார்கள் (பல வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தது, பிட்ஸ்பர்க்குக்காக அவசரமாக வந்தது அல்ல). எடைப் பலகை தேவை என்று தெரிந்தால் 30 நாளுக்குள் வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை வலையமைப்பில் இருக்கும் பாலத்தை ஆபத்து காரணமாக மூட நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும், சிக்கல் தீரும் வரை மாதாமாதம் எழுத்தில் நிலவரம் தர வேண்டும். ஆனால் ‘4 வந்தால் இத்தனை நாளில் பழுது பார்’ என்று இதில் எங்கும் இல்லை. பார்க்கவும் எழுதவும் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, காசு ஒதுக்குவது பாலத்தின் சொந்தக்காரர் கையில். தேனி தம்பியின் கோபம் அங்கே நியாயம்தான்.

ரயில்_பைத்தியம்

பார்ப்பவர் பார்க்காவிட்டாலும் கதை முடிந்தது. மெம்ஃபிஸில் மிசிசிப்பி மேல் போகும் ஐ-40 பாலத்தில் 2021 மே மாதம் ஒரு கர்டர் கிட்டத்தட்ட அறுந்தே கிடந்தது. அப்புறம் தேடினால் 2019-ல் டிரோன் எடுத்த வீடியோவிலேயே விரிசல் தெரிகிறது, யாரும் கவனிக்கவில்லை! பொறுப்பில் இருந்த ஆய்வாளரை வேலையை விட்டு நீக்கினார்கள், பாலம் ஆகஸ்ட் வரை மூடிக் கிடந்தது.

பிட்ஸ்பர்க்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மறுபடி போய்ப் பார்த்தேன். டெக் 4, கர்டர் 6, தூண் 5. எடைப் பலகை கிடையாது. கடைசி ஆய்வு போன வருஷம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் வடிகால் என்று படித்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது, மழை பெய்தால் பாலத்தின் ஒரு ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், நானே அதில் காரை ஓட்டியிருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லலாமா, சிரிப்பார்களா?

சுத்தியல்காரன்

சிரிக்க மாட்டார்கள் சகோதரி, சொல்லுங்கள். நகரத்துப் பாலம் என்றால் 311-க்கு, அதாவது நகராட்சியின் புகார் சேவைக்கு, எழுதுங்கள். அடுத்த மழையில் ஓரமாக நின்று ஒரு படம் எடுங்கள், எந்தப் பக்கம், எந்தத் தூணுக்கு நேரே என்று குறிப்பிடுங்கள், இன்ஃபோபிரிட்ஜில் இருக்கும் பால எண்ணைக் கட்டாயம் போடுங்கள். எண் இல்லாவிட்டால் ‘எந்தப் பாலம்’ என்று கேட்டே ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள்.