விடுதலைச் சான்றிதழ் இருக்கிறது, தங்க இடம் இல்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட ஒடிசா தம்பதி, கைக்குழந்தையோடு சென்னை சென்ட்ரல் அருகே நடைபாதையில் படுக்கிறார்கள். கோட்டாட்சியர் கொடுத்த விடுதலைச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. கொத்தடிமை மறுவாழ்வுக்கான மத்திய அரசுத் திட்டப்படி உடனடி உதவித்தொகை உண்டு. அப்புறம் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் மறுவாழ்வுத் தொகையும் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கு இல்லை என்று ஓர் அலுவலகத்தில் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் விசாரித்த வீடற்றோர் காப்பகங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான். பிரிந்திருக்க இவர்களுக்குப் பயம். சூளையில் பட்டதைக் கேட்டால் அந்தப் பயம் நியாயம்தான்.

குடும்பமாகத் தங்கவிடும் காப்பகம் சென்னையில் யாருக்காவது தெரியுமா? ஆதார் தொலைந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்த அனுபவம் இருக்கிறதா? ஒடியா தெரிந்த பெண் ஒருவர் போனில் பேசினால்கூடப் பெரிய உதவி. என் அரைகுறை இந்தியில் பாதி விஷயம் போய்ச் சேரவில்லை.

முன்பணம் கொடுத்து வேலைக்குக் கூட்டிப்போகிறோம் என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், சிக்கலே முன்பணத்தில்தான் ஆரம்பித்தது. படம் கேட்காதீர்கள், போட மாட்டேன். விவரம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் வாருங்கள்.