மால்ட் சாறு புளித்துவிடுகிறது: எந்தப் பாக்டீரியா?

குடந்தை மாணவி: கல்லூரித் திட்டப்பணிக்காகப் பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆய்வகத்தில் ஈஸ்ட் சேர்த்து வைத்தோம். ஓரிரு நாளிலேயே சாறு கலங்கி, நாக்கு கூசும் அளவுக்குப் புளித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். எந்தப் பாக்டீரியா என்று உடனே சொல்லுங்கள்.

மன்னார்குடியார்: ஹாப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் கொடிப் பூ) சேர்த்தீர்களா, எந்த வெப்பநிலையில் வைத்தீர்கள், குடுவையின் வாயை எதனால் அடைத்தீர்கள் என்று ஒன்றையுமே சொல்லவில்லையே, சகோதரி?

ஐயாற்றுக்காரன்: கேட்கவே வேண்டாம், பஞ்சால் அடைத்திருப்பார்கள். பஞ்சு காற்றை உள்ளே விடும். காற்று கிடைத்தால் அசிட்டோபாக்டர் ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும்.

நாகை வாசி: எனக்குத் தண்ணீர்மீதுதான் சந்தேகம். பைகார்பனேட் மிகுந்த போர்த் தண்ணீர் சாற்றின் பி.எச். (அமில-கார) அளவை உயர்த்திவிடும், அது கிருமிகளுக்குத் தோதாகிவிடும்.

மூத்த உறுப்பினர்: ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது முதலாண்டுப் பாடம், அம்மா. பியர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று பாஸ்டர் 1876இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார். இங்கே இன்னும் ஜோசியம் பார்க்கிறார்கள். வெண்ணெய் மணம் வந்து, சாறு நூல்போல் இழைந்தால், லாக்டிக் அமில இனத்து உருண்டைப் பாக்டீரியாவான பீடியோகாக்கஸாக இருக்கலாம். தட்டில் வளர்த்துத் தனித்தெடுத்த பாக்டீரியாத் திட்டில் (காலனியில்) ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விடுங்கள்: நுரைத்தால் அசிட்டோபாக்டர் பக்கம், நுரைக்காவிட்டால் லாக்டிக் அமில இனம். சாற்றிலேயே விட்டுப் பார்த்துவிடாதீர்கள், ஈஸ்ட்டும் நுரைக்கும்.

வேதாரண்யத்தான்: பி.எச். உயர்ந்தால் கிருமி வளரும் என்றால், பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்காம், நாகையாரே?

நாகை வாசி: சுண்ணாம்பு ஏற்றும் காரத்தில் ஈஸ்ட்டும் வளராது, பாக்டீரியாவும் வளராது. நான் சொன்னது சிறிதளவு உயர்வை, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மன்னார்குடியார்: எப்படியானாலும் ஹாப்ஸ் போட்டிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

மூத்த உறுப்பினர்: அதுவும் பாதி உண்மைதான். கொதியில் உருவாகும் ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும்) இனங்களைத்தான் தடுக்கும். அசிட்டோபாக்டர் கிராம் நெகட்டிவ் என்பதால் அசையாது. லாக்டிக் அமில இனத்துக் கோல் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் பிரெவிஸின் பல வகைகளோ, அந்த அமிலத்தைச் செல்லுக்கு வெளியே இறைத்துத் தள்ளிவிட்டு, ஹாப்ஸ் இட்ட பியரிலேயே வளரும்.

குடந்தை மாணவி: ஹாப்ஸ் இங்கே கிடைக்கவில்லை. காலனி நுரைக்கவில்லை; கிராம் பாசிட்டிவ் கோல்கள் தெரிகின்றன. சாற்றை இரவு முழுவதும் மேசைமேல் ஆறவிட்டு, காலையில்தான் ஈஸ்ட் சேர்த்தோம். அனைவருக்கும் நன்றி.

மன்னார்குடியார்: ஈஸ்ட் சேர்க்கும் முன்பு பி.எச். எவ்வளவு இருந்தது, சகோதரி?