ஏடிஹெச்டி பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. மதுரையில் இருக்கிறேன். எட்டு வயது மகனுக்குப் போன வருடம் ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) என்றார்கள். காலையில் அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்து கொடுக்கிறோம், பள்ளியில் சமாளித்துவிடுகிறான். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும்தான் வீடு இரண்டாகிறது.

நேற்று ஒரு பக்கம் வீட்டுப்பாடத்துக்கு இரண்டு மணி நேரம். ரப்பரைப் பொடிப்பொடியாகப் பிய்த்துக்கொண்டே இருந்தான். கை நீட்டிவிட்டேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ‘எல்லாம் நீ கொடுத்த செல்லம்’ என்கிறார் மாமியார். கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசினேன். தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள் (இலவசம்தான்). ஆனால் நேரில் தொடர்ந்து பேச ஆள் வேண்டும். அம்மாக்களுக்கும் கவுன்சிலிங், பெற்றோர் பயிற்சி தரும் இடம் மதுரையில் தெரியுமா? வேலைக்குப் போகிறேன், சனிக்கிழமை என்றால் வசதி. வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.