கார்லா டக்கரை மன்னித்திருக்கலாமா?

தராசு:
டெக்சாஸில் 1998 பிப்ரவரி 3 அன்று விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்ட கார்லா ஃபே டக்கரைப் பற்றிப் பேசலாம். சிறுமியாக இருந்தபோதே போதைப் பழக்கம். பதினான்கு வயதில் பெற்ற தாயே பாலியல் தொழிலுக்குள் இழுத்துவிட்டார். 1983-இல், 23 வயதில், கூட்டாளியோடு ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் புகுந்து இரண்டு பேரைக் குந்தாலியால் கொன்றார். சிறைக்குப் போன சில மாதங்களில் பைபிள், மனமாற்றம். அது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தண்டனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி.

கோடைமழை:
சம்பந்தமில்லையா? மரண தண்டனை கொடுக்கும் முன் டெக்சாஸ் ஜூரி பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகளில் ஒன்று, இவர் இனியும் வன்முறையில் இறங்கி சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பாரா என்பது. 1984-இல் ‘ஆம்’ என்றார்கள். 1998-இல் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? இன்னொன்று, சிறுவயதுக் கொடுமை போன்றவற்றை எடைபோடத் தனிக் கேள்வியே அப்போது கிடையாது. உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகு 1991-இல்தான் சேர்த்தார்கள்.

தராசு:
அந்தக் கேள்வி தீர்ப்பு நாளுக்கானது. வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தால் தீர்ப்புக்கு என்ன மரியாதை? சிறுவயதுக் கொடுமைக்கு வருகிறேன். கேத்தி விடோம் என்ற ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அடி உதைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகள் பிற்காலத்தில் மற்றவர்களைவிட அதிகமாகக் கைதானார்கள், சரி. ஆனால் அவர்களிலும் பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒத்தையடிப்பாதை:
அந்தப் பெரும்பாலானோரில் நானும் ஒருவன். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதுமே எத்தனை குடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். தங்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் எனக்கு ஒரு பாட்டி இருந்தார், மூன்றாவது தெருவில். ஓடிப்போக ஓர் இடம் இருந்தது. அம்மாவே தொழிலுக்கு அனுப்பிய பெண் எங்கே ஓடுவாள்? என்னை உதாரணம் காட்டி அவரை அடிக்காதீர்கள் தராசு சார்.

நிலாமுற்றம்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தூக்குமேடை தெரிந்தால் எல்லோருக்கும் பக்தி வரும். கொன்றதைப் பற்றி இவர் பெருமையடித்துப் பேசியது ஒலிநாடாவில் பதிவாகி நீதிமன்றத்தில் ஒலித்தது. அத்தனையும் என் சூழ்நிலை, உள்ளுக்குள் நான் நல்லவள் என்பதெல்லாம் பழியைத் தட்டிக்கழிக்கும் வேலை.

கோடைமழை:
வேடிக்கை என்னவென்றால், நிஜமாகத் திருந்துகிறவர்கள் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள்! குற்றவியல் ஆய்வாளர் ஷேட் மருனா லிவர்பூலில் முன்னாள் குற்றவாளிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 2001-இல் புத்தகமாக எழுதினார். திருந்தியவர்கள், ‘நான் அடிப்படையில் நல்லவன், சூழ்நிலை கெடுத்தது, ஒருவர் என்னை நம்பினார், இனி மற்றவர்களுக்கு ஏதாவது செய்வேன்’ என்றார்கள். ‘என் விதி இவ்வளவுதான்’ என்றவர்கள்தான் திரும்பத் திரும்ப உள்ளே போனார்கள். பழசுக்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்லிவிட்டு, இனி நடப்பதற்குத் தானே பொறுப்பேற்பது தப்பித்தல் ஆகாது.

நிலாமுற்றம்:
செத்தவர்களின் வீட்டில் போய் இதைச் சொல்லுங்கள்.

ஒத்தையடிப்பாதை:
அந்த வீட்டிலேயே ஒரே குரல் இல்லையே. கொல்லப்பட்ட பெண்ணின் சகோதரர் மன்னித்துவிட்டார். தண்டனை நிறைவேறிய அன்று கார்லாவின் தரப்புச் சாட்சியாக வந்து நின்றார். அதே பெண்ணின் கணவரோ, நிறைவேற்றியே தீர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இரண்டு பேரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

தராசு:
அதனால்தான் சொல்கிறேன், அரசு இதையெல்லாம் அளக்கப் போகக் கூடாது. போப் இரண்டாம் ஜான் பால் கேட்டும் ஆளுநர் ஜார்ஜ் புஷ் அசையவில்லை. அதே 1998 ஜூனில், இன்னொரு கொலைக் கைதியான ஹென்றி லீ லூகாஸின் மரண தண்டனையை அவரே ஆயுளாகக் குறைத்தார். அந்த ஆளின் சிறுவயதும் நரகம்தான். ஆனால் குறைத்த காரணம் அதுவும் இல்லை, திருந்தியதும் இல்லை. எந்தக் கொலைக்காக மரண தண்டனை கிடைத்ததோ, அதைச் செய்தது அவர்தானா என்ற சந்தேகம். அளவுகோல் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோடைமழை:
தீர்ப்பில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளத்தான் மேல்முறையீடு இருக்கிறதே. குற்றம் செய்தது நிச்சயம், ஆனால் இப்போது இருப்பது அந்த ஆள் இல்லை என்று சொல்ல வருகிறவர் எந்தக் கதவைத் தட்டுவது? கருணை மனு என்று ஒன்றை வேறு எதற்கு வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.