நீளமே குறையா? 2024இன் பெரிய ஆல்பங்கள் குறித்து

வரிக்கேட்பவர்:

2024இல் வெளிவந்த பெரிய ஆல்பங்களை இந்த மாதம் மறுபடி முதலிலிருந்து கேட்டு முடித்தேன். பாப், கன்ட்ரி, ராப் என எந்த வகையை எடுத்தாலும் என் மனக்குறை ஒன்றுதான்: போதும் என்று சொல்லி நிறுத்துவதற்கு இன்று ஆளில்லை.

டெய்லர் ஸ்விஃப்டின் 'த டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' ஏப்ரல் 19 அன்று 16 பாடல்களுடன் வந்தது. பதினாறாவது பாடல் 'கிளாரா போ'. ஊமைப்படக் காலத்து நடிகையான கிளாரா போவைப் போல இருக்கிறாய் என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்படுகிறது. அடுத்த சரணத்தில், ராக் பாடகி ஸ்டீவி நிக்ஸைப் போல இருக்கிறாய் என்று வேறொருத்தியிடம் சொல்லப்படுகிறது. கடைசியில், தமக்குப் பின்னால் வரப்போகும் யாரோ ஒரு சிறு பெண்ணிடம், நீ டெய்லர் ஸ்விஃப்டைப் போல இருக்கிறாய் என்று சொல்லப்படுவதைப் பாடுகிறவரே தம் குரலில் பாடி முடிக்கிறார். ஓர் ஆல்பத்துக்கு இதைவிட நல்ல முடிவு அமைவது அரிது. ஆனால் வெளியான இரண்டு மணி நேரத்தில் மேலும் 15 பாடல்கள் சேர்க்கப்பட்டு, 31 பாடல்கள் கொண்ட இரண்டு மணி நேரத் தொகுப்பாக அது மாறியது. முடிவாக இருந்த பாடல் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதில் கணக்கும் இருக்கிறது. இணையவழிப் பாடல் சேவைகளின் (ஸ்ட்ரீமிங்) கட்டணச் சந்தாதாரர்கள் 1,250 முறை பாடல்களைக் கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்பது, அமெரிக்க இசைத் தரவரிசையை வெளியிடும் பில்போர்டின் அப்போதைய விதி. ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்கும் ரசிகர், பாடல் 12 என்றால் 12ஐயும், 31 என்றால் 31ஐயும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் வெளியிட்ட 'ஜிஎன்எக்ஸ்' 12 பாடல்களுடன் 44 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதில் ஒரு பாடலை எடுத்துவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

பேஞ்சோநரம்பு:

வரிக்கேட்பவர் ஐயா, 'கிளாரா போ' பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு நீளத்தையே குற்றமாக்குவது நியாயமில்லை. பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' 27 பகுதிகளும் 78 நிமிடங்களும் கொண்டது. அதில் மூத்த கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் பேசும் பகுதி 22 விநாடி, 'த லிண்டா மார்ட்டெல் ஷோ' 28 விநாடி. 30 விநாடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஒரு கேட்பாக எடுத்துக்கொள்கிறது என்னும்போது, எண்ணிக்கைக்காக நீட்டுகிறவர் இப்படிப்பட்ட துண்டுகளை ஏன் வைக்க வேண்டும்?

லிண்டா மார்ட்டெல், 1969இல் கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண். 1970இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதற்குப் பின் கன்ட்ரி உலகம் அவருக்கு இடம் தரவில்லை. எண்பது வயதைக் கடந்த அவரை அறிவிப்பாளராக அழைத்து வந்து, இசை வகை என்ற சொல்லைப் பற்றியே அவரைப் பேசவைத்திருக்கிறார் பியான்சே. மூத்த கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் வானொலி அறிவிப்பாளராக வருகிறார். 'பிளாக்பேர்ட்' பாடலில் நான்கு கறுப்பின கன்ட்ரி பாடகிகள் உடன் பாடுகிறார்கள். 'டெக்சஸ் ஹோல்டெம்' தொடங்கும்போது நாம் கேட்கும் பேஞ்சோவை வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்த வாத்தியம் அது என்பதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருபவர் அவர். ஒரு வானொலி நிலையம் ஒரு மாலை முழுவதும் ஒலிபரப்புவது போல அமைக்கப்பட்ட இந்த ஆல்பத்தில் பேச்சும் இடைவெளியும் இருக்கத்தான் வேண்டும். வெட்டினால் வெறும் பாடல் பட்டியல்தான் மிஞ்சும்.

எண்ணும்எழுத்தும்:

ஒரு திருத்தம் மட்டும். ஸ்விஃப்டின் ஆல்பம் முதல் வாரத்தில் அமெரிக்காவில் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்த கணக்கில் 26.1 லட்சம் ஆல்பங்களைத் தொட்டது. அதில் ஏறக்குறைய 19.14 லட்சம், காசு கொடுத்து வாங்கப்பட்ட பிரதிகள். ஸ்ட்ரீமிங் கணக்கு முழுவதையும் கழித்துவிட்டாலும் அந்த வாரம் அவருக்கு முதலிடம்தான். ஆகவே 15 பாடல்கள் சேர்ந்ததற்கு எண்ணாசைதான் காரணம் என்ற வாதத்துக்கு வலு போதாது.

வரிக்கேட்பவர்:

எண்களுக்கு நன்றி. அவற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்த 19 லட்சத்துக்குள்ளும் ஒரு செய்தி இருக்கிறது: தட்டுகள் நான்கு வடிவங்களில் விற்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கூடுதல் பாடல். நான்கையும் கேட்க விரும்பியவர் நான்கையும் வாங்கினார். பிறகு அந்த நான்கு பாடல்களும் 31க்குள் வந்துவிட்டன. எந்தப் பாடல் ஆல்பத்துக்குள், எது வெளியே என்ற முடிவை எடுக்காமல் விட்டதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

பேஞ்சோநரம்பு அவர்களுக்கு: எதையும் வெட்ட முடியாது என்கிறீர்கள். முதலில் அச்சான இசைத்தட்டில் ஐந்து பகுதிகள் இல்லையே! 'யா யா'வும் இல்லை, நீங்கள் சொன்ன 'த லிண்டா மார்ட்டெல் ஷோ'வும் இல்லை. பிரிக்க முடியாத முழுமை என்றால் அவை எப்படி விடுபட்டன? 'ஜோலீன்' பாடலையும் சொல்ல வேண்டும். டாலி பார்ட்டன் 1973இல் பாடியபோது, தன் கணவனைப் பறிக்க வல்ல பேரழகியிடம் ஒருத்தி கெஞ்சுகிறாள். அந்தக் கெஞ்சலில்தான் பாடலின் உயிர் இருக்கிறது. பியான்சே அதை எச்சரிக்கையாக மாற்றியதும் பயம் போய்விட்டது, பயத்தோடு பாடலும் போய்விட்டது. என் கையில் கத்தரி இருந்தால் முதலில் அங்கேதான் வைப்பேன்.

பேஞ்சோநரம்பு:

'ஜோலீன்' விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் நான் தாண்டிச் செல்வதும் அந்த ஒன்றைத்தான். ஆனால் இசைத்தட்டு என் வாதத்துக்குத்தான் சான்று. வாங்கியவர்கள் வெளிப்படையாக மனத்தாங்கல் கொண்டார்கள். 'யா யா' இல்லாமல் அந்த ஆல்பத்தின் பின்பாதி எழுந்து நிற்பதில்லை. கைதட்டலும் காலடித் தாளமும் அறுபதுகளின் ராக் அண்ட் ரோலும் ஒன்றுசேர்ந்து வெடிக்கும் இடம் அது. கன்ட்ரி இசைச் சங்கம் 2024இல் அந்த ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூடத் தரவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமி மேடை ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த கன்ட்ரி ஆல்பம் என இரண்டு விருதுகளைத் தந்தது. இவ்வளவு எதிரும் புதிருமாக மதிப்பிடப்பட்ட ஒன்றை நீளம் என்ற ஒரே அளவுகோலால் அளப்பது போதாது என்பதே என் கருத்து.

மழைக்காலகிதார்:

ராக் கேட்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆங்கிலேய ராக் குழுவான த க்யூர் 16 ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பத்தில் எட்டே பாடல்கள். முதல் பாடலான 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடங்கள் கடந்த பிறகுதான் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் வருகிறது. கடைசிப் பாடல் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. பெற்றோரையும் அண்ணனையும் இழந்த ஒருவர், வார்த்தை வருவதற்கு முன் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார்; நம்மையும் காத்திருக்க வைக்கிறார். ஒரு பாடலுக்குள் இருக்கும் நீளம் ஒன்று, பாடல்களின் எண்ணிக்கை வேறொன்று. இருவரும் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள்.

பழையஊசி:

கத்தரி பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு: 1968இல் பீட்டில்ஸ் 30 பாடல்களுடன் இரட்டைத் தட்டு வெளியிட்டபோது, ஒரே தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்று கருதியவர் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினேதான். ஒரு பக்கத்துக்கு இருபத்துச் சொச்சம் நிமிடம் என்ற தட்டின் எல்லையே அன்றைய பெரிய கத்தரி. அந்த எல்லை போனதும் வெட்டுவதும் போயிற்று.

பேஞ்சோநரம்பு:

ஒரு கேள்வி, வரிக்கேட்பவர் ஐயா. 'ஜிஎன்எக்ஸ்' சுருக்கமானது, இறுக்கமானது, சரி. ஆனால் அதே லமார் 2022இல் வெளியிட்ட 'மிஸ்டர் மொராலே அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்' 18 பாடல்கள், 73 நிமிடம். அதில் 'மதர் ஐ சோபர்' பாடலில் தம் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த காயத்தைக் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகச் சொல்கிறார். அதற்கு முன் ஒரு மணி நேரம் அவர் பொய் சொல்லி, சண்டையிட்டு, தம்மையே நியாயப்படுத்தி வந்ததைக் கேட்டிருக்காவிட்டால் அந்தக் கிசுகிசுப்புக்கு இந்தக் கனம் வந்திருக்குமா? 44 நிமிட ஆல்பத்தில் அப்படி ஓர் இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று: ஸ்விஃப்டின் 31ஆவது பாடல் 'த மேனுஸ்கிரிப்ட்'. தாம் எழுதி வைத்ததை எடுத்து மறுபடி படிக்கும் ஒருத்தி, இந்தக் கதை இனி என்னுடையது அல்ல என்று சொல்லி முடிக்கிறாள். 'கிளாரா போ' புகழைப் பற்றிய முடிவு. இது எழுத்தைப் பற்றிய முடிவு. எனக்கு இரண்டாவது நெருக்கமாக இருக்கிறது.

வரிக்கேட்பவர்:

'மதர் ஐ சோபர்' குறித்து நீங்கள் சொன்னது சரி. அந்தப் பாடலுக்கு அந்த ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது. அதை மறந்துவிட்டு எழுதியது என் தவறு. 'த மேனுஸ்கிரிப்ட்' நல்ல முடிவு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நல்ல முடிவுகள் இரண்டு இருந்தால் அவை இரண்டு ஆல்பங்கள். 17இலிருந்து 31 வரை தனியாக, வேறு பெயரில், ஆறு மாதம் கழித்து வந்திருந்தால், பியானோவும் கிதாரும் மட்டுமே பெரும்பாலும் ஒலிக்கும் அந்த அமைதியான பாடல்களை இன்னும் பொறுமையாகக் கேட்டிருப்போம். இன்றிரவு அவற்றை மட்டும், முதல் 16ஐத் தொடாமல், கேட்கப்போகிறேன். நாளை இங்கே எழுதுகிறேன்.