அவசரம்! காலேஜ் லெட்டர் பிரச்சினை, வெள்ளிக்கிழமைதான் கடைசி

டோல்கேட் பையன் (திங்கள், இரவு 11.42)
வணக்கம். லா காலேஜ் மாணவன். வெளிநாட்டில் ஒரு லா ஃபர்மில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, மே மாதம் ஆரம்பம். ஃபர்மில் காலேஜ் லெட்டர் கேட்கிறார்கள். காலேஜ் ஆபீஸில் போய்க் கேட்டால் போனஃபைடு (இங்கே படிக்கிறான் என்கிற சான்று) மட்டும்தான் தருவோம், அவர்கள் கேட்கிற மாதிரி எழுத முடியாது என்கிறார்கள். மூன்று நாளாக அலைகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். யாராவது இப்படி லெட்டர் வாங்கியிருக்கிறீர்களா? ப்ளீஸ்.

வியாசர்பாடி ஜீவா (11.50)
எந்த நாடு தம்பி?

பெரம்பூர் லோகோ (11.58)
நாடு, எத்தனை வாரம், சம்பளம் உண்டா இல்லையா, மூன்று வருடக் கோர்ஸா ஐந்து வருடக் கோர்ஸா. அப்புறம் முக்கியமாக, லெட்டரில் என்ன எழுதச் சொன்னார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள். இது எதுவும் இல்லாமல் என்ன சொல்வது?

மண்ணடி மாமா (செவ்வாய், காலை 6.15)
எந்த நாடாக இருந்தால் என்ன, டூரிஸ்ட் விசா எடுத்துப் போய்விட்டு வா. சம்பளம் வாங்காதே, அவ்வளவுதான். எட்டு வாரம் ஆபீஸில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவனை யார் பிடிக்கப் போகிறார்கள்? என் மச்சான் பையன் லண்டனில் அப்படித்தான் செய்தான்.

சட்டம்பிள்ளை (7.30)
பையன் சட்டம் படிக்கிறானாம். தேதி இல்லை, இடம் இல்லை, எதற்காக வழக்கு என்கிற வழக்கெழு காரணமே இல்லை. இது கோர்ட்டில் போடுகிற பிராதாக இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 7 விதி 11-இல் வழக்கு நம்பர் ஆவதற்கு முன்பே திருப்பி வீசியிருப்பார்கள். முதலில் கேள்வியை வரையக் கற்றுக்கொள்ளட்டும், வெளிநாடு அப்புறம்.

வியாசர்பாடி ஜீவா (7.41)
விதி 11-இல் போனால் விதி 13 இருக்கிறது சார், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். தம்பி, நீ போடு.

கொருக்குப்பேட்டை கேட் (8.20)
பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்கிற) முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிரச்சினையே அதுதான். லெட்டர் கதையெல்லாம் சும்மா.

டோல்கேட் பையன் (மதியம் 1.05)
மன்னிக்கணும், டிரெயினில் இருந்தேன். சிங்கப்பூர். எட்டு வாரம். ஸ்டைபெண்ட் மாதம் 1,000 டாலர். பி.ஏ. எல்எல்.பி. நான்காம் ஆண்டு. கப்பல் வழக்குகள் பார்க்கிற ஃபர்ம்.

பெரம்பூர் லோகோ (1.22)
சிங்கப்பூர் டாலர்தானே? லெட்டர் வாசகத்தை இன்னும் போடவில்லை. நானே ஊகித்துச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்: "இந்தப் பயிற்சி மாணவரின் படிப்பில் ஒரு பகுதி" என்று எழுதச் சொல்லியிருப்பார்கள்.

காரணம் இது. அங்கே உங்களைப் போன்ற மாணவருக்கு எடுக்கிற அனுமதி ட்ரெயினிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ். அதிகபட்சம் மூன்று மாதம், நீட்டிக்க முடியாது. பயிற்சி படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும்; கூடவே மாதம் குறைந்தது 3,000 டாலர் நிலையான சம்பளம் இருக்க வேண்டும், அல்லது அவர்கள் ஏற்கிற கல்வி நிறுவனத்தில் படிப்பவராக இருக்க வேண்டும். உங்களுக்கு 1,000 என்றால் இரண்டாவது வழிதான். படிப்பின் பகுதி என்பதற்கு அத்தாட்சி காலேஜ்தான் தர முடியும், போனஃபைடு போதாது. விண்ணப்பம் போடுவது ஃபர்ம், நீங்கள் இல்லை. அதனால்தான் அவர்களுக்கு அவசரம்.

மாமா, உங்கள் யோசனை வேண்டவே வேண்டாம். அந்த ஊர் வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் 'வேலைக்கு வைப்பது' என்றால் சம்பளம் தந்தாலும் தராவிட்டாலும் ஒன்றுதான். லண்டனிலும் விசிட்டர் விசாவில் இன்டர்ன்ஷிப் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் மச்சான் பையன் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

மண்ணடி மாமா (1.40)
அவன் இப்போது நன்றாகத்தான் இருக்கிறான்.

கொருக்குப்பேட்டை கேட் (1.52)
ஈசிஆர் பார்த்தீர்களா இல்லையா?

வியாசர்பாடி ஜீவா (2.03)
அண்ணே, ஈசிஆர் 18 நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். மலேசியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. அதுவும் பத்தாவது பாஸ் பண்ணியவனுக்கு அந்த முத்திரையே வராது. இவன் நாலு வருஷம் லா படித்திருக்கிறான்.

கொருக்குப்பேட்டை கேட் (2.10)
என் அனுபவத்தில் சொல்கிறேன்.

டோல்கேட் பையன் (மாலை 4.35)
லோகோ அக்கா, அதே வாசகம்தான்! அதைத்தான் எழுத முடியாது என்கிறார்கள். "எங்கள் பாடத்திட்டத்தில் சிங்கப்பூர் என்று எங்கேயும் இல்லை" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டுக் கொடுக்கலாமா? பாரிமுனையில் ஒருவர் 300 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றார்.

சட்டம்பிள்ளை (5.10)
நோட்டரி அஃபிடவிட் காலேஜ் லெட்டர் ஆகாது. இதுகூடவா தெரியாது? நான் முதலிலேயே சொல்ல வந்தது இதுதான். இந்த சிங்கப்பூர் மோகம் எதற்கு? ஹைகோர்ட்டில் ஒரு நல்ல சீனியர் வக்கீலிடம் எட்டு வாரம் கேஸ் கட்டுத் தூக்கு. பத்து வருடம் கழித்து உனக்குச் சோறு போடப் போவது அது. ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு ஜாமீன் மனு போடத் தெரியாதவர்கள் கப்பல் வழக்காம்.

காசிமேடு வார்ஃப் (5.48)
ஐயா, ஜாமீன் மனு அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கப்பல் வழக்கு என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம்? 2017 ஜனவரி 28 காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பையன்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். பல நாள் மீன் விற்கவில்லை. அப்போது இங்கே யாருக்கு எந்தக் கோர்ட்டில், யார் மேல், எவ்வளவு கேட்பது என்று தெரிந்தது? இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் அதைக் கற்றுக்கொண்டு வரட்டுமே.

தங்கசாலை (6.15)
வார்ஃப் சொல்வது சரி. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அட்மிரால்டி (கப்பல் வழக்கு விசாரிக்கிற) அதிகாரம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. 2017-இல் வந்த புதுச் சட்டம் 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. துறைமுகத்தில் நிற்கிற கப்பலையே கைது செய்ய உத்தரவு வாங்கலாம். எதிரே வருகிற ஆவணங்கள் சிலவற்றில் தகராறு வந்தால் சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்று எழுதியிருக்கும். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே வேலையின் இரண்டு முனை.

சட்டம்பிள்ளை (6.40)
லா காலேஜ் ஹைகோர்ட் வளாகத்தில் இருந்தவரை பையன்கள் வகுப்பு முடிந்து கோர்ட் ஹாலில் நின்று கற்றுக்கொண்டார்கள். 2018-இல் அதைத் தூக்கிப் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள், போச்சு. இப்போது எல்லோரும் ஏர்போர்ட் வழியாகக் கற்கப் பார்க்கிறார்கள்.

தங்கசாலை (6.52)
அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ராயபுரத்திலிருந்து நடந்தே வகுப்புக்குப் போனவன் நான். ஆனால் அதற்கு இந்தப் பையன் என்ன செய்வான்?

மண்ணடி மாமா (7.05)
அந்தக் கட்டடத்தில் இப்போது என்ன நடக்கிறது?

பெரம்பூர் லோகோ (7.31)
கட்டடத்தை வேறு இழையில் பேசிக்கொள்ளுங்கள், பையனுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

தம்பி, ஆபீஸில் சிரித்தவர்கள் கவலைப்படுவது சிங்கப்பூரைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளை எடுங்கள், விதி 25. ஐந்து வருடக் கோர்ஸுக்கு மொத்தம் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம், மூன்று வருடத்துக்கு 12. ஆனால் எந்த ஒரு வருடத்திலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஐந்நாலு இருபது, முந்நாலு பன்னிரண்டு, கணக்கு அப்படித்தான் வருகிறது. நீங்கள் எட்டு வாரத்துக்குப் "படிப்பின் பகுதி" என்று எழுதச் சொன்னால், விதி தெரிந்த எந்த ஆபீஸும் கையெழுத்துப் போடாது. போடவும் கூடாது.

ஆக, கேட்கிற விதத்தை மாற்றுங்கள். முதலில் ஃபர்முக்கு மெயில் போட்டு நான்கு வாரமாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். அவர்களும் வக்கீல்கள்தான், விதியைக் காட்டினால் புரியும். அப்புறம் ஆபீஸுக்குப் போகாதீர்கள், நேராகப் பிரின்சிபாலிடம். லெட்டரை நீங்களே டைப் செய்து எடுத்துப் போங்கள்: விதி 25-இன்படி இன்டர்ன்ஷிப் இந்தக் கோர்ஸில் கட்டாயம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, கோடை விடுமுறையில், இந்த ஃபர்மில் பெறும் பயிற்சி அந்தக் கணக்கில் சேரும். அவ்வளவே. வெறும் கையோடு போனால் "நாளை வா"தான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வாரத்தையும் வெளியே கழித்துவிடாதீர்கள். விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வாதாடுகிற வக்கீல்களிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சட்டம்பிள்ளை சார் சொன்ன கட்டு தூக்குவதும் உங்களுக்கு உண்டு.

சட்டம்பிள்ளை (7.58)
இதைத்தான் நானும் சொன்னேன்.

வியாசர்பாடி ஜீவா (8.02)
😂

காசிமேடு வார்ஃப் (8.20)
தம்பி, ஏஜென்ட் யாருக்காவது பணம் கட்டியிருக்கிறாயா? "இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று கிளம்பியிருக்கிறார்கள் நிறையப் பேர். பாஸுக்கு விண்ணப்பிப்பது ஃபர்ம் என்று அக்கா சொல்லிவிட்டார். நடுவில் ஒருவன் கை நீட்டினால் ஓடிவிடு.

கொருக்குப்பேட்டை கேட் (9.15)
அப்படியே அந்த ஈசிஆரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டோல்கேட் பையன் (வெள்ளி, இரவு 10.50)
லெட்டர் கிடைத்தது. அக்கா சொன்ன மாதிரியே டைப் செய்து கொண்டுபோனேன், பிரின்சிபால் ஒரு வரி மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டார். ஏஜென்ட் இல்லை, சீனியர் ஒருவர் மூலமாக வந்தது. எல்லோருக்கும் நன்றி.

பெரம்பூர் லோகோ (10.57)
சந்தோஷம். எந்த வரியை மாற்றினார்? ஃபர்ம் நான்கு வாரத்துக்கு ஒத்துக்கொண்டதா?

புதுவண்ணை மெட்ரோ (ஞாயிறு, காலை 9.30)
எனக்கும் அடுத்த வருடம் இதே நிலைமைதான், மூன்று வருடக் கோர்ஸ். டோல்கேட் பையன், அந்த லெட்டரைப் பெயரை மறைத்துப் போட முடியுமா?

புதுவண்ணை மெட்ரோ (அடுத்த வியாழன்)
யாராவது?

வியாசர்பாடி ஜீவா
அவன் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் புது இழை போடுங்கள். நாடு, வாரம், சம்பளம் மூன்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.