மறு: ‘ப்ரொவனன்ஸ்’: தோற்றுவாயா, மூலமா, வந்தவழியா?

அனைவருக்கும் வணக்கம். ஆவணக்காப்பகச் சொற்பட்டியலுக்காக ‘ப்ரொவனன்ஸ்’ (ஓர் ஆவணம் யாரிடம் உருவாகி, எந்த வழியாகக் காப்பகத்துக்கு வந்தது என்ற விவரம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> படத்தை எடுத்தவர் யாரோ அவரே அதன் தோற்றுவாய். கியூபா ஏவுகணைப் படங்களை எடுத்தது அமெரிக்க விமானப்படை. அதை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு எதற்குப் புதுச்சொல்?

ஐயா, அங்கே வேலை முடியவில்லை, ஆரம்பமே ஆகவில்லை. 1962 அக்டோபர் 14 அன்று மேற்குக் கியூபாவின் மேல் யு-2 வேவு விமானம் ஓட்டிப்போய் 928 படங்களோடு திரும்பிய மேஜர் ரிச்சர்ட் ஹைசர் விமானப்படைக்காரர்தான். ஆனால் அவர் ஓட்டிய விமானம் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிடம் இரவல் வாங்கியது. படச்சுருளை மறுநாள் பிரித்துப் பார்த்து, சான் கிறிஸ்தோபல் அருகே சோவியத்தின் நடுத்தர வீச்சு ஏவுகணைகள் நிற்பதாகச் சொன்னது ஆர்தர் லண்டால் தலைமையிலான பட ஆய்வு மையம். எனவே ‘எடுத்தவர்’ என்ற ஒரே கேள்விக்கே இரண்டு மூன்று பேர் கை தூக்குகிறார்கள்.

சரி, விமானப்படை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆவணக்காப்பகத்தார் கேட்பது அது இல்லை. அவர்கள் கேட்பது, இந்தப் படம் யாருடைய அலுவல் நடந்தபோது, யாருடைய கோப்பில் வந்து சேர்ந்தது என்பதை. பிரான்சில் 1841இல் ஒரு சுற்றறிக்கை மூலம் நிலைபெற்ற நெறி இது. ஓர் அலுவலகத்தின் தாள்களைப் பிரித்து வேறு அலுவலகத் தாள்களோடு பொருள்வாரியாகக் கலக்கக் கூடாது. படங்களுக்கும் இதே கதிதான். கியூபா என்று இருப்பதையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டால் தேடுபவருக்கு வசதி, வரலாற்றுக்கு நஷ்டம்.

எப்படி நஷ்டம் என்று கேட்டால், அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் பெயரில் பாஸ்டனில் உள்ள நூலகத்தையே பார்க்கலாம். அதிபரின் அலுவல் தாள்கள் அங்கே ஒரே குவியலாக இல்லை. ‘பிரசிடென்ட்ஸ் ஆஃபீஸ் ஃபைல்ஸ்’ என்பது செயலாளர் எவலின் லிங்கன் பராமரித்தது, கென்னடியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த கோப்புகள். ‘நேஷனல் செக்யூரிட்டி ஃபைல்ஸ்’ பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியின் வேலைக்கோப்புகள். ஒரே வேவுப்படத்தின் ஒரு பிரதி முதலாவதில் இருந்தால் ஒரு சேதி, இரண்டாவதில் இருந்தால் இன்னொரு சேதி. முதலாவதில் இருந்தால் அதிபரின் மேசைக்கே வந்திருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. படம் மாறவில்லை, எடுத்தவரும் மாறவில்லை. மாறியது வந்து சேர்ந்த வழி ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. அக்டோபர் 16 அன்று அதிபரிடம் காட்டியது வெறும் படம் இல்லை. பெரிதாக்கி, அட்டையில் ஏற்றி, அம்புக்குறி இட்டு, இது ஏவுகணை வண்டி, இது கூடாரம் என்று எழுத்து ஒட்டிய விளக்கப்பலகை. அந்த எழுத்து இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. ஏதோ வயலுக்கு நிலம் திருத்துவது போலத்தான் தெரிந்தது என்று அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியே பின்னால் எழுதினார். இவை நடுத்தர வீச்சு ஏவுகணைகள் என்று எப்படித் தெரியும் என்று அதிபர் கேட்டதும், நீளத்தை வைத்து என்று லண்டால் சொன்னதும் கென்னடி ரகசியமாக ஓடவிட்ட ஒலிநாடாவில் இருக்கிறது. அந்த நாடாவும் இதே நூலகத்தில்தான். பலகையையும் நாடாவையும் சேர்த்து வைத்தால்தான் அந்தக் காலைநேரம் நமக்குப் புரியும். விமானப்படையின் சுருளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கிடைப்பது கியூபாவின் காடும் சாலையும். (விளக்கப்பலகை என்ற சொல்லுக்கு இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். அதேபோல ‘வேவுப்படம்’. ‘வேவு விமானம்’ ஈழத்து நாளேடுகளில் படித்துப் பழகிய சொல்தான்.)

இனி முன்வந்த சொற்கள்.

‘மூலம்’ வேண்டவே வேண்டாம். “படத்தின் மூலம் அறிகிறோம்” என்று எழுதினால் யார் எதைப் புரிந்துகொள்வார்கள்? ‘மூலப்படம்’ என்பது ஏற்கெனவே நெகட்டிவுக்கும் அசல் பிரதிக்கும் போய்விட்டது. வைத்தியர் வீட்டு மூலத்தைப் பற்றி நான் பேசவில்லை.

‘பூர்வீகம்’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். கேட்க இனிமையான சொல், ஆனால் ஊர் வாடை அடிக்கிறது. யு-2 படத்துக்குப் பூர்வீகம் கேட்டால் 70,000 அடி உயரத்தைத்தான் காட்ட வேண்டும்.

‘தோற்றுவாய்’ நூலின் முன்னுரைக்கும் பழகிய சொல். அது தொடங்கிய இடத்தோடு நின்றுவிடுகிறது, வந்து சேர்ந்த இடத்தைச் சொல்வதில்லை. ரிஷிமூலம் நதிமூலம் பார்க்காதே என்பார்கள். காப்பகத்தார் நதிமூலத்தோடு நிற்காமல் வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் பார்ப்பவர்கள்.

ஆகவே என் முன்மொழிவு ‘வந்தவழி’. நெறியைச் சொல்லும்போது வந்தவழி நெறி. பட்டியலில் எழுதும் குறிப்பு வந்தவழிக் குறிப்பு. சேர்த்து வைத்த ஆளையோ அலுவலகத்தையோ சொல்ல வேண்டிய இடத்தில் ‘திரட்டுநர்’. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்த்ததால்தான் இந்த இழையில் இத்தனை குழப்பம் என்று நினைக்கிறேன்.

எழுதிப் பார்ப்போம். இதுவும் ராணுவத்தான் எடுத்த படம்தான், ஆனால் வேவுப்படம் இல்லை:

பொருள்: எக்ஸ்காம் (அதிபரின் நெருக்கடிக்கால ஆலோசனைக் குழு) கூட்டம், வெள்ளை மாளிகை, 1962 அக்டோபர் 29
எடுத்தவர்: சிசில் ஸ்டோட்டன், தரைப்படை சிக்னல் பிரிவு
திரட்டுநர்: வெள்ளை மாளிகை
வந்தவழி: வெள்ளை மாளிகைப் படத்தொகுப்பில் சேர்ந்து, அதிபரின் தாள்களோடு கென்னடி நூலகத்துக்கு வந்தது

ஸ்டோட்டன் தரைப்படை, ராபர்ட் நூட்சன் கடற்படை, அபி ரோ தேசியப் பூங்காத் துறை. மூவரும் எடுத்தவை ஒரே தொகுப்பில் இருக்கின்றன. படஎண்ணின் முன்னால் வரும் எஸ்டி, கேஎன், ஏஆர் எழுத்துகளே எடுத்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை மட்டும் வைத்து இரண்டு படைக்கும் ஒரு துறைக்கும் படங்களைப் பிரித்து அனுப்பினால் வெள்ளை மாளிகையில் அந்த நாள் என்ன நடந்தது என்பதே சிதறிப்போகும்.

> ‘வருவழி’ என்று வினைத்தொகையாக வைத்தால் முக்காலத்துக்கும் பொருந்துமே?

பொருந்தும், அதுதான் எனக்கு இடிக்கிறது. வினைத்தொகை காலத்தை மறைக்கும். இங்கே இறந்தகாலம் வெளியே தெரிய வேண்டும். நாளை அந்தப் பலகையைக் கண்காட்சிக்கு எங்கே கொண்டுபோனாலும் வந்தவழி மாறாது. தவிர, ‘வருவழி’ என்றால் பஸ் தடம் போல ஒலிக்கிறது.

சேர்த்து எழுதுவதா பிரித்தா என்றால், கலைச்சொல்லாக வரும்போது சேர்த்தே எழுதலாம். “அவர் வந்த வழி” என்ற சாதாரணத் தொடரிலிருந்து அப்போதுதான் கண்ணுக்கு வேறுபடும். ‘ஒரிஜினல் ஆர்டர்’ (கோப்புகள் முதலில் அடுக்கியிருந்த வரிசை) என்பதற்கு ‘இருந்த ஒழுங்கு’ சரியா என்று கேட்டவருக்கு: எனக்குச் சம்மதம்.

பட்டியலில் அடுத்தது ‘டீகிளாசிஃபைடு’, அதாவது ரகசியம் என்ற தடை நீங்கிய ஆவணம். ‘மறைநீக்கிய’ என்று யாரோ போட்டிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. ‘வகைநீக்கம்’ என்று எழுதியவரிடம் மட்டும் சண்டைக்கு வருவேன். நீங்கியது ரகசியம்தானே, வகை அங்கேயேதான் இருக்கிறது.